ஃப்ரைஹெர்: சொல்லும் பட்டமும்

ஜெர்மானியப் பிரபுக்களின் படிநிலையில் கிராஃப் (ஆங்கிலத்தில் கவுண்ட்) என்ற பட்டத்துக்குக் கீழே, ரிட்டருக்கு (நைட்) மேலே இருப்பது ஃப்ரைஹெர். எழுத்தில்தான் ஃப்ரைஹெர், நேரில் விளிக்கும்போது 'பாரன்' என்பார்கள். இரண்டும் ஒரே நிலை. ஆகவே 'பாரன் ஃப்ரைஹெர் ஃபொன் இன்னார்' ('ஃபொன்' பிரபுக் குடும்பப் பெயருக்கு முன் வரும் சொல்) என்று எழுதினால் ஒரே பட்டத்தை ஒருவருக்கு இரண்டு முறை சூட்டிவிடுகிறோம். ஜெர்மானியரின் டெக்சாஸ் குடியேற்றம் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் இந்தப் பிழை உண்டு. அங்கிருந்து தமிழுக்கும் அப்படியே வந்துவிடுகிறது.

'ஃப்ரை' என்றால் கட்டற்ற, 'ஹெர்' என்றால் தலைவன். எந்தக் கட்டு என்பதுதான் கேள்வி. இடைக்கால ஜெர்மனியில் குதிரையேறிப் போரிட்டவர்களில் பலர் 'மினிஸ்டீரியல்' வகுப்பினர். கவசம் உண்டு, சிலருக்குக் கோட்டையும் உண்டு. ஆனால் சட்டப்படி எஜமானுக்குக் கட்டுப்பட்ட அடிமைநிலையினர். வேறொரு எஜமானின் குடியில் பெண் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். இவர்களிலிருந்து பிறப்பால் கட்டற்ற நிலவுடைமைக் குடும்பத்தைப் பிரித்துக் காட்ட எழுந்த சொல் இது. பிற்காலத்தில் பேரரசரும் மன்னர்களும் பட்டயம் எழுதி வழங்கத் தொடங்கியதும் பழைய பொருள் தேய்ந்து, வெறும் படிநிலைப் பெயராக நின்றது.

இங்கிலாந்தில் பட்டம் பொதுவாக மூத்த மகனுக்கு மட்டும். ஃப்ரைஹெர் அப்படியல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேரும். மனைவி ஃப்ரைஃப்ராவ், மணமாகாத மகள் ஃப்ரைஇன். பட்டம் பெருகும், நிலம் பெருகாது. நிலமில்லாத ஃப்ரைஹெர்கள் அரசுப் பணிக்கும் படைக்கும் போனார்கள். சிலர் கடல் கடந்தார்கள்.

1812இல் டில்லன்பர்க்கில் பிறந்த ஒட்ஃப்ரீட் ஹான்ஸ் ஃப்ரைஹெர் ஃபொன் மொய்ஸெபாக் அப்படிப் போனவர். டெக்சாஸில் ஜெர்மானியரைக் குடியேற்றப் பிரபுக்கள் சிலர் 1842இல் தொடங்கிய சங்கத்தின் தலைமை ஆணையராக, சோல்ம்ஸ் இளவரசர் கார்லுக்குப் பின் 1845இல் பொறுப்பேற்றார். குடும்பத்தோடு வருபவருக்கு 320 ஏக்கர், தனியாளுக்கு 160 ஏக்கர் என்று சங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. கணக்கிலோ கடன்தான் மிச்சம். 1846இல் மெக்சிகோ போர் வந்து வண்டிகளைப் படை வாடகைக்கு எடுத்துக்கொள்ள, வந்திறங்கியவர்கள் கடற்கரையிலேயே சிக்கி நோயில் மடிந்தார்கள். அதே ஆண்டு மொய்ஸெபாக் ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்ற ஊரை நிறுவினார். 1847இல் கொமாஞ்சி என்ற பூர்வகுடியின் தலைவர்களோடு உடன்படிக்கை செய்தார். அவருடைய செந்தாடியைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் 'சிவப்புச் சூரியன்'. பிறப்பால் வந்த பட்டத்தை விட்டுவிட்டு அவர் தானே வைத்துக்கொண்ட பெயர் ஜான் ஓ. மொய்ஸெபாக். ஹான்ஸ் என்பதே ஜான், 'ஓ' ஒட்ஃப்ரீட். 1851இல் மாநில மேலவைக்குத் தேர்வானதும் இந்தப் பெயரில்தான்.

பட்டத்தை விடுவது அமெரிக்காவில் வெறும் பணிவு அல்ல. 1795ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, பரம்பரைப் பட்டம் உடைய வெளிநாட்டவர் குடியுரிமை பெறும் நீதிமன்றத்திலேயே அதை வெளிப்படையாகத் துறக்க வேண்டும். அந்தத் துறப்பு பதிவேட்டில் ஏறும். ஜெர்மனியில் நடந்தது வேறு. 1919 வைமார் அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக மாற்றியது. அதனால் இன்றும் அங்கே 'ஃப்ரைஹெர்' என்ற சொல்லோடு பெயர் இருக்கலாம். அவர் பிரபு அல்லர்.

தமிழில் என்ன எழுதுவது? 'ஜமீன்தார்' பொருந்தாது, அது நிலவரி வசூலோடு ஒட்டிய உரிமை, இது நிலமின்றியும் தொடரும் தகுதி. 'கோமகன்' என்பதை டியூக்குக்குக் கையாள்கிறோம், பல படி ஏறிவிடும். 'சுதந்திரப் பிரபு' என்ற நேர்பெயர்ப்பு விடுதலைப் போராட்ட வீரரை நினைவூட்டும். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றிப் 'பேரன்' என்று எழுதினால் வாசகர் தாத்தாவைத் தேடுவார். பொதுவாகச் சுட்ட 'பிரபு' போதும், தனித்தமிழ் வேண்டுவோர் 'உயர்குடியாளர்' எனலாம். படிநிலை முக்கியமாகும் இடத்தில் 'ஃப்ரைஹெர்' என்றே எழுதி, முதன்முறை மட்டும் 'பாரனுக்கு நிகரான பட்டம்' என விளக்குவது நல்லது.

இடமும் முக்கியம்: இயற்பெயருக்குப் பின், 'ஃபொன்' என்பதற்கு முன். அகரவரிசையில் 'மொ' வரிசையில்தான் மொய்ஸெபாக்கைத் தேட வேண்டும்.