ஊர்க் கிணறு கெட்டால் யார் வழக்குப் போடுவது?

போன வருடம் ஐந்தாறு பேர் எங்கள் சட்ட அலுவலகத்துக்கு வந்து மேசையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். உள்ளே மஞ்சளாகத் தண்ணீர், அடியில் விரல்கடை உயரத்துக்கு வண்டல். பக்கத்து ஆலையின் கழிவு ஊர்க் கிணற்றில் ஊறுகிறதாம். "கிணறு பஞ்சாயத்துடையதுங்க, எங்க பேர்ல பட்டா இல்லையே, நாங்க எப்படி கேஸ் போடறது?" என்றார் ஒரு பெரியவர்.

பட்டா வேண்டாம். பொதுத்தொல்லை, அதாவது ஊருக்கே பொதுவான தொந்தரவு என்றால், உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு இரண்டு பேர் வழக்குப் போடலாம், தனக்கென்று தனி நஷ்டம் காட்டவேண்டியதில்லை. ஊருக்காகச் சிலர் நிற்பதானால் அதே சட்டத்தின் கட்டளை 1 விதி 8. தீர்ப்பு எல்லோரையும் கட்டும், அதனால் எல்லோருக்கும் நோட்டீஸோ பொது விளம்பரமோ போயாக வேண்டும். முன்னால் நிற்பவர் ஆலையோடு ரகசியமாகப் பேசி முடித்து வழக்கை வாபஸ் வாங்கிவிடவும் முடியாது, அதற்கும் ஊருக்கு நோட்டீஸ் உண்டு. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

ஆனால் இவர்கள் போகவேண்டிய இடம் வேறு. 2010ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கதவை அடைத்துவிட்டது. நீர், காற்று மாசுச் சட்டங்களுக்குள் வருவதெல்லாம் அங்கேதான். அங்கே கெடுவோ ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதுவும் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து. இவர்கள் ஒரு வருடமாகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! மனு கொடுத்தால் கெடு நிற்கும் என்று நம்பியிருக்கிறார்கள். நிற்காது. இதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நல்லவேளை, இழப்பீட்டுக்கும் கெட்ட சூழலைச் சீரமைப்பதற்கும் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஐந்து வருடம் அவகாசம் உண்டு. பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் தரவேண்டும், மண்ணையும் நீரையும் மீட்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று. அந்த வழியில்தான் மனு தயாரித்தோம்.

சரி, அந்த பாட்டில்? எந்தத் தேதியில், யார், எங்கே மொண்டது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட அதில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் அதை ஓரங்கட்டிவிடுவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, அதிகாரியே வந்து மாதிரி எடுக்கும்படி கேட்டோம். ஆலை இயங்க வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணை, ஆய்வறிக்கை நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். அதிகாரி வந்த அன்று பெரியவரும் கிணற்றடியில் நின்று, நாளையும் நேரத்தையும் பேரனுடைய நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.