பிரசவ அறைக்குள் அம்மா கூடவே இருந்தால் என்ன மாறுகிறது?

வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த இடுப்பு வலி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்ததும் தணிந்துவிடுவது உண்டு. 'பொய் வலிதான்' என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் நிஜமான பிரசவ வலியும் இப்படிப் பின்வாங்கலாம். அதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

கருப்பையைச் சுருங்கவைப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்தும்போது நரம்புகள் அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. உடனே பிட்யூட்டரி சுரப்பி இடைவெளி விட்டு விட்டு ஆக்சிடோசினை வெளியிடுகிறது. கருப்பை இறுகுகிறது, தலை இன்னும் கீழே அழுத்துகிறது, இன்னும் ஆக்சிடோசின் சுரக்கிறது.

பயம் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும். கருப்பைத் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. அட்ரினலின் அவற்றைத் தொட்டால் தசை தளரும். குறைமாதத்தில் வலி வந்தவர்களுக்கு அதை நிறுத்தப் போடும் டெர்பியூட்டலின் ஊசியும் இதே ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. மிரண்டுபோன பெண்ணின் உடம்பு அந்த ஊசியின் வேலையைக் கொஞ்சம் தானே செய்துவிடுகிறது என்று சொல்லலாம்.

மிரட்சிக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. யார் யாரோ வந்து போகும் அறை, கண்ணைக் கூசும் வெளிச்சம், பக்கத்துப் பிரசவ மேசையில் அலறல், மறைப்பில்லாமல் நடக்கும் உள்பரிசோதனை, அதட்டல். இதில் எதையும் மருத்துவ ஏட்டில் யாரும் குறிப்பதில்லை.

கூட ஒருவர் இருந்தால் இது மாறுமா? மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலா நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு காலத்தில் உறவினர்களை உள்ளே விடமாட்டார்கள், கர்ப்பிணி தனியாகவே வலியைத் தாங்க வேண்டும். அங்கே ஆய்வாளர்கள் சில பெண்களுக்கு மட்டும், மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண்ணைக் கடைசிவரை துணைக்கு வைத்தார்கள். முதுகைத் தேய்த்துவிடுவது, கையைப் பிடித்துக்கொள்வது, பேச்சுக்கொடுப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. 1980-இல் வெளியான முடிவின்படி, சிக்கலில்லாமல் பெற்றவர்களில், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்க ஆன நேரம் தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி, துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி. சிக்கலில்லாத பிரசவம் 20 கிடைக்க, துணை இருந்த பக்கம் 33 பேரைச் சேர்த்தால் போதுமாக இருந்தது. தனியாக இருந்த பக்கம் 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

அதே குழு பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் செய்த ஆய்வு 1991-இல் வந்தது. அங்கே மூன்றாவதாக ஒரு பிரிவும் வைத்தார்கள்: ஒருவர் அறையில் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுப்பார், தாயிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். சிசேரியன் விகிதம் வழக்கமான பிரிவில் 18 சதவீதம், துணை இருந்த பிரிவில் 8. பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருந்த பிரிவில் 13! இந்த 13 என்னை இன்னும் விடவில்லை. அறையில் ஒரு ஆள் இருப்பதே கணக்கில் ஏறுகிறது.

எல்லா இடத்திலும் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்தபோது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம்தான் குறைந்திருந்தது. ஆனால் சிசேரியனும் குறைந்தது, 'என் பிரசவம் கசப்பான அனுபவம்' என்று சொன்னவர்களும் குறைந்தார்கள்.

வலி தணிந்தால் டிரிப்பில் செயற்கை ஆக்சிடோசின் ஏற்றலாமே என்று கேட்கலாம். ஏற்றுகிறார்கள், தேவைப்படும் இடத்தில் அது நல்ல மருந்து. கருப்பை சுருங்கும். ஆனால் ரத்தத்தில் ஏற்றும் ஆக்சிடோசின், பயம் எழும் மூளைக்குள் போவது மிகக் குறைவு. அதனால் பயம் அப்படியே இருக்கும். டிரிப் மாட்டியபின் பல இடங்களில் எழுந்து நடக்கவும் விடுவதில்லை. வலியின் முதல் கட்டத்தில் நடந்தும் நிமிர்ந்தும் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று இன்னொரு தொகுப்பாய்வு சொல்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. திடீர் ரத்தப்போக்கை நிறுத்த மருந்தும் ரத்தமும் ஆளும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால் பிழைத்த தாய்மார்கள் ஏராளம்.

துணைக்கு ஆள் வைக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004-லேயே தொடங்கிவிட்டன. மத்திய அரசு 2016-இல்தான் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. துணைக்கு வருபவர் பெண்ணாக, முடிந்தால் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். தொற்று நோய் இருக்கக் கூடாது. கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். மருத்துவர்கள் வேலையில் குறுக்கிடக் கூடாது. பிரசவ அறையில் அந்தரங்கத்துக்கு ஏற்பாடு இருந்தால் கணவரையும் விடலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். அதாவது, இரண்டு மேசைக்கு நடுவே ஒரு திரை வேண்டும். பிரசவத்துக்குப் பார்த்து வைத்திருக்கும் இடத்தில் அந்தத் திரை இருக்கிறதா, கூட ஒருவரை விடுவார்களா என்று எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்தபிறகு கேட்க நேரம் இருக்காது.