விடால் சீட்டும் ஒரு கறுப்புப் பொருக்கும்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் என் கிளினிக் மேசை மேல் அந்தச் சீட்டு வந்து விழத் தொடங்கிவிடும். நாலாக மடித்த, தெருமுனை லேபின் சீட்டு: ‘விடால் பாசிட்டிவ், 1:80’. கொண்டுவருபவர் சந்தேகம் கேட்பதில்லை, அறிவிக்கிறார்: “டாக்டரம்மா, டைபாய்டு.” எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றால், “முந்தாநாள் ராத்திரியிலிருந்து.”

இரண்டு நாள் காய்ச்சலில் இந்தச் சோதனை உருப்படியாக எதையும் சொல்லாது. விடால் தேடுவது டைபாய்டு கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். நம் ஊரிலோ எப்போதோ வந்துபோன டைபாய்டின் மிச்சமாகப் பலருக்கு அது கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கிறது. வேறு காய்ச்சலிலும் ஏறிக் காட்டும். விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896இல் தந்த சோதனை இது. விலை மலிவு, சாயங்காலமே முடிவு கைக்கு வந்துவிடும். இன்னும் அது ஓடிக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சென்ற கார்த்திகையில் மேடவாக்கம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நாலு வீட்டில் வேலை செய்பவர். ஒன்பது நாள் காய்ச்சல், தலையைப் பிளக்கும் வலி. வேறோர் இடத்தில் விடால் சீட்டை நம்பி ஐந்து நாள் செப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள், காய்ச்சல் அசையவில்லை. ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன. மழைக்காலத்தில் தட்டணு குறைந்தாலே டெங்கு என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவர் மகனும் எழுதியிருந்தார்.

மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தேடினேன். அக்குளில் இல்லை. பாவாடை நாடா இறுகும் இடத்தில் இல்லை. இடது மார்பின் அடிமடிப்பில் இருந்தது: மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். தொட்டால் வலியில்லை. “இதுவா? ஜாக்கெட் உரசிய புண் என்றல்லவா விட்டுவிட்டேன்” என்றார்.

ஸ்க்ரப் டைபஸ். பெயரில் டைபாய்டின் சாயல் இருக்கிறதே தவிர இரண்டுக்கும் உறவில்லை. ஓரியன்சியா என்ற பாக்டீரியா. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடிக்கும்போது உடம்பில் ஏறுகிறது. கடித்தது தெரியாது, 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அவர் வீட்டுக்குப் பின்னால் காலி மனை, ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான், அங்கேதான் ஆட்டை அவிழ்த்துவிடுகிறார். சென்னையில் காடு ஏது என்று கேட்பவர்கள் புறநகரில் விற்காமல் கிடக்கும் மனைகளைப் பார்த்ததில்லை போலும்.

இந்தக் கிருமிக்குச் செப்ட்ரியாக்சோன் வேலை செய்யாது. மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். இரண்டாம் நாளே அவருக்குக் காய்ச்சல் விட்டது. காலம் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிருக்கே ஆபத்தாகும். பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் அது பெரும்பாலும் மறைவிடத்தில் இருப்பதால், கேட்டாலொழியச் சொல்ல மாட்டார்கள். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலென்றால் குளிக்கும்போது நீங்களே தேடிப் பாருங்கள்.

தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியே தரும் நோய் அது.

டைபாய்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கசியும் தெருக்களில் அது தாராளமாக இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே, முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன். மருந்துக்கடையில் தாமாகவே அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருபவருக்கு நான் கல்ச்சர் எடுத்தால் பாட்டிலில் ஒன்றுமே வளராமல் போகலாம். அதன்பிறகு என் வைத்தியமும் பாதி ஊகம்தான்.

அந்த அம்மா மறுவாரம் தெம்பாக வந்தார். எழுந்து போகும்போது பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினார்.

“இந்த டைபாய்டுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்களேன், டாக்டரம்மா.”