விடாத இருமல்: மணி அடிப்பது தொண்டையில், பொத்தான் எங்கே?

காது குடையும்போது சிலருக்கு இருமல் பொத்துக்கொண்டு வரும். பஞ்சுக் குச்சி இருப்பது காதில், இருமுவது தொண்டை. இதற்குக் காரணம் வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் கிளம்பி வயிறு வரை இறங்கும் அதன் கிளைகள் குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாவற்றிலும் ஓடுகின்றன. ஒரு சிறு கிளை காதுத் துளைக்கும் போகிறது. இந்த முனைகளில் எதைச் சீண்டினாலும் செய்தி மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குத்தான் போகும். அங்கிருந்து வரும் பதில் இருமலாக இருக்கலாம். அழைப்பு மணி கூடத்தில் அடிக்கிறது, பொத்தானை அழுத்தியவர் எந்த வாசலில் நிற்கிறார் என்பது சத்தத்தை வைத்துத் தெரியாது. மாதக்கணக்கில் இருமுகிறவர்கள் தொண்டைக்கு மட்டுமே மருந்து தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இருமலின் வேகமும் லேசானதல்ல. ஆழமாக மூச்சு உள்ளே போகிறது, குரல்வளை சுமார் 0.2 நொடி இறுக மூடிக்கொள்கிறது, வயிற்றுத் தசையும் விலாத் தசையும் நெருக்குகின்றன. மார்புக்குள் அழுத்தம் 300 மி.மீ. பாதரசம் வரை ஏறலாம். பிபி பார்க்கும் பழைய பாதரசக் கருவியின் உச்சக் கோடு அதுதான். வாரக்கணக்கில் இருமினால் விலா எலும்பு விரிசல் விடுவதும், சிறுநீர் கசிவதும், இருமி முடித்ததும் தலைசுற்றி விழுவதும் இந்த அழுத்தத்தால்தான்.

சளிக் காய்ச்சலுக்குப் பின் மூன்று வாரம் இருமுவது சகஜம். மூச்சுக்குழாயின் உள்தோல் ஆறும் வரை எட்டு வாரம் இழுப்பதும் உண்டு. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கும் வரும். அது மூன்று மாதம்கூட நீடிக்கும். எட்டு வாரத்தைத் தாண்டினால்தான் மருத்துவம் அதை நாள்பட்ட இருமல் என்கிறது. குழந்தைகளுக்கு அந்தக் கெடு நான்கு வாரம்.

ஆனால் மும்பையில் எட்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாது. இந்தியாவில் இரண்டு வாரம் இருமினாலே டிபி பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் தாராவி, ஆண்டாப் ஹில் வீடுகளுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். அரசு மையங்களில் சளிப் பரிசோதனை இலவசம். இரண்டு மாதிரி கேட்பார்கள்: ஒன்று அங்கேயே, இன்னொன்று விடிந்ததும் எழுந்தவுடன். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கிருமி இருக்காது, 'டிபி இல்லை' என்று தவறான முடிவு வரும். தண்ணீரால் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, ஒரு தேக்கரண்டி அளவு கெட்டிச் சளியை டப்பாவில் எடுக்க வேண்டும். அதையும் வீட்டுக்குள் செய்யாமல் மாடியிலோ திறந்தவெளியிலோ செய்வது மற்றவர்களுக்கு நல்லது. ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கிருமியின் மரபணுவைத் தேடுவதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபி மலிந்த மும்பையில் இந்த இரண்டாவது விடை மிக முக்கியம். கட்டுப்படும் வகைக்கு ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. "அண்ணா, இருமலுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், மெடிக்கலில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பட்டை ஒன்று கைக்கு வரும். அது டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. ஒரு வாரம் சாப்பிட்டால் இருமல் தணியும், சளியில் கிருமியும் அகப்படாது. ஆனால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். சளி கொடுப்பதற்கு முன் இந்த மாத்திரை வேண்டாம்.

சளியும் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால், அடுத்து மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் உடலில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதையவிடாமல் தேக்குகின்றன. அது இருமல் நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. தொண்டையில் கீச்சுக் கீச்சென்று வறட்டு இருமல். மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த அம்மா இருமினால் 'பம்பாய்க் காத்து ஒத்துக்கலை' என்று பழி காற்றின் மேல் விழும். மருத்துவரிடம் சொல்லி டெல்மிசார்டான், லோசார்டான் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் நின்றுவிடும். சிலருக்கு மூன்று மாதம் ஆகும். தானாக நிறுத்தினால் இருமல் போய் பிபி ஏறும்.

இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்புகிற, சிரித்தாலும் ஏசியில் நுழைந்தாலும் தூண்டப்படுகிற இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம். வீசிங் (மூச்சில் விசில் சத்தம்) இல்லாமல் இருமலாக மட்டுமே வரும் ஆஸ்துமா ஒன்று உண்டு. குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகு முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா என்பது வலுப்படும். கூடாவிட்டாலும் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. அப்போது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். 'இன்ஹேலர் பிடித்தால் விடாது' என்ற பயம் வீண். மாத்திரையாக விழுங்குவதைவிட மிகக் குறைந்த அளவு மருந்துதான் உடலில் சேர்கிறது.

இன்ஹேலரால் பயனில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் அதை இழுக்கும் விதத்தில்தான் தவறுகிறார்கள். பொடி அடைத்த கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கியவர்கள்கூட உண்டு. பொடி வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்ப்ரே வகைக்கு நேர்மாறு: குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே நான்கைந்து நொடி மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்பேசர் குடுவை மாட்டினால் இன்னும் நல்லது. இரண்டிலும் பத்து நொடி மூச்சைப் பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

மூக்கின் பின்னால் ஒழுகும் சளிக்கு உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் போதும். வலக் கையால் இட மூக்கிலும், இடக் கையால் வல மூக்கிலும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாது, ரத்தம் கசியாது. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வையுங்கள். எரிச்சலே இல்லாதவருக்கு வெறும் இருமலுக்காக அசிடிட்டி மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பதில் பலன் அரிது.

மும்பைக்காரர்கள் பார்க்க மறக்கும் இடம் ஜன்னல். ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புறா கூடு கட்டியிருக்கும். காய்ந்த எச்சமும் இறகிலிருந்து உதிரும் மெல்லிய பொடியும் நுரையீரலின் நுண்ணறைகள் வரை போய் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், மெதுவாக எடை குறைதல். தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கலாம். துல்லிய சிடி ஸ்கேனில்தான் தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தாலும் புறா போகாவிட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும், அது திரும்பாது. 2025 ஆகஸ்டில், புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது எழுந்த சண்டை ஊரறிந்தது. மருத்துவப் பக்கத்தில் வாதிட அதிகம் இல்லை. எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நன்றாக நனைத்து, என்95 முகக்கவசம் போட்டுச் சுரண்டி எடுத்து, வலை அடிக்க வேண்டும். ஏற்கெனவே இருமுகிறவர் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சிரப்? காரணத்தை அது தொடாது, ஓர் இரவு தூங்க உதவும், அவ்வளவே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி தேன் சுமாராக உதவுகிறது. ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

எல்லாம் பார்த்தும் நிற்காத இருமலில் கோளாறு நரம்பிலேயே இருக்கும். பேச்சு, வாசனை, குளிர்காற்று எல்லாமே தூண்டும். பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தரும் இருமலடக்கும் பயிற்சி, நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், குறைந்த அளவு மார்ஃபின் ஆகியவை நிபுணர் கண்காணிப்பில் பயன்படுகின்றன. நரம்பு முனையில் பி2எக்ஸ்3 என்ற ஏற்பியை (சீண்டலை உணரும் புரதம்) அடைக்கும் ஜெஃபாபிக்ஸன்ட் மருந்து ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது, அமெரிக்கா மறுத்தது. அதைச் சாப்பிடுகிற பலருக்கு நாக்கில் ருசி மாறிவிடுகிறது.

சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, மூன்று வாரமாகக் கரகரத்த குரல், படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன வரிசைக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.