ரைபிள் பழகப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்தக் கடதாசி வேண்டும்?

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். சொப்பிங் பேக்குக்குள் இன்னொரு சொப்பிங் பேக், அதற்குள் ஒரு பைல். திறந்ததும் மேலே இருந்தது காகித இலக்கு ஒன்று. கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டை, ஓரமெல்லாம் பிசிறு.

"ஒரு சூடா?" என்று கேட்டேன்.

"பத்து, சேர். பழகும்போது அடிச்சது," என்றாள் பிள்ளை.

பத்து மீற்றர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றர்தான். நின்றபடி அதை அடிக்கிறாள். ஆனால் பைலில் அதற்குக் கீழே இருந்த கடதாசிகளில் அவளுக்கு மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் பிரியதர்சினி, பாடசாலைப் பதிவில் பிரியதர்ஷனி, போட்டிச் சான்றிதழில் வெறும் எஸ். தர்ஷனி. விளையாட்டுத் திறமைக்காகக் கிடைக்கும் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு மேசை திருப்பி அனுப்பியிருக்கிறது. நிரூபிக்க அலைந்து முடிவதற்குள் முடிவுத் திகதி போய்விட்டது.

இப்படி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கிகளுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விளையாட்டுச் சங்கங்களுக்கு 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். சுடுதல் விளையாட்டுக்குத் தேசிய மட்டத்தில் ஒரு சம்மேளனம் இயங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டதும் இதே பத்து மீற்றர் ஏர் ரைபிளில்தான். ஆகவே "அதெல்லாம் ஆர்மிக்காரன் வேலை" என்று பிள்ளையை மடக்க வேண்டாம்.

துப்பாக்கி வாங்க ஓடாதீர்கள்

பிள்ளைக்கு ஆசை வந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது "துவக்கு என்ன விலை?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பழக வேண்டியது நிற்பது, மூச்சு, ட்ரிகர் விரல். ஏர் ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைக் கைப்பலத்தால் தூக்கிப் பிடிக்கிற பிள்ளை பத்தாவது சூட்டிலேயே நடுங்கிவிடும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, பாரத்தை எலும்பு வழியாகக் காலுக்கு இறக்க வேண்டும். 75 நிமிடத்தில் 60 சூடு சுட வேண்டிய போட்டி இது. இதையெல்லாம் கழகத்தின் துப்பாக்கியில் பழகலாம், பழகவும் வேண்டும்.

காற்றால் அல்ல, தோட்டாவால் சுடும் .22 ரைபிள் என்றால் அது அசல் துப்பாக்கி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கையில் இருக்கவே கூடாது. அனுமதிப்பத்திரம் எந்த மாதம் கிடைத்திருந்தாலும் டிசம்பர் 31ஆம் திகதியோடு செத்துப்போகும். நவம்பரில் எடுத்தேன், இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப்பிக்காத துப்பாக்கியும் சட்டவிரோதத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

அடுத்தது, மாமாவின் துவக்கு. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறதென்று மாமா மாவட்டச் செயலகம் வழியாக அனுமதி எடுத்து வைத்திருப்பார். அந்த அனுமதி மாமாவின் பெயரில், பயிர்க் காவலுக்கு. பிள்ளை அதைத் தொட்டுப் பழகினால் மாட்டுவது மாமாவும்தான். தவிர, அது சிதறு குண்டு சுடும் '12 bore' துவக்கு. குறிச் சுடுதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டவுனில் ஏர் ரைபிள் விற்கிறவர் "இதுக்கு லைசன் ஒன்னும் தேவல்ல தம்பி" என்பார். அவர் வாய்ப்பேச்சு பொலிஸ் தடையில் உங்களைக் காப்பாற்றாது. அந்த மாதிரிக்கு என்ன அனுமதி வேண்டும் என்று காசு கொடுக்க முன்னமே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டறையில் செய்தது, பழைய குழாயில் ஒட்டுப்போட்டது என்று யாராவது நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள். மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டும் கட்டுத்துவக்கில் கால் போனவர்களைத் தினம் பார்க்கிற ஊரில், பொலிஸார் அதை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க மாட்டார்கள்.

மூன்று பெயர்

எல்லா அலைச்சலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் எழுதினார், காதில் விழுந்தபடி எழுதினார். முதலாம் வகுப்பில் சேர்த்தபோது ஆசிரியர் தமிழில் அழகாக இருக்கட்டும் என்று ஒரு எழுத்தை மாற்றினார். போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பியவர் இடம் போதவில்லை என்று சுருக்கினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனாலும் மூன்று பேரின் அவசரத்தைச் சுமப்பது பிள்ளை.

சரிபார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். பிறந்தது பொகவந்தலாவை, இருப்பது பதுளை என்றால் "பிறந்த இடத்துக்கே போங்கள்" என்பதைக் கேட்டுவிட்டு உடனே பஸ் ஏறாதீர்கள். பெயரில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையில் திருத்தத்துக்குக் கொடுங்கள். பிறகு அடையாள அட்டை. 15 வயது முடிந்ததும் எடுக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார். பாடசாலையை விட்டுவிட்ட தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்து துரை, அதாவது தோட்ட அத்தியட்சகர், உறுதிப்படுத்தலாம். "துரை லீவு, அடுத்த கிழமை வாங்க" என்று தோட்ட ஆபீசில் மூன்று கிழமை ஓட்டுவார்கள். அதையும் சேர்த்தே நாள் கணக்குப் போடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிழையை வைத்துக்கொண்டு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் பிழை இரண்டு இடத்தில் ஆகும். அதற்குப் பிறகு திருத்துவது இரட்டை வேலை.

புதிய அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கிறது. அந்த எழுத்துக்களை ஒரு துண்டில் எழுதிப் பிள்ளையின் பையில் போட்டு வையுங்கள். போட்டி விண்ணப்பம், கழக அங்கத்துவம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பப்படி நான்காவது பெயர் ஒன்றைப் பெற்றுப்போடுவார், கவனம்.

சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். சில மேசைகளில் போதும், சிலவற்றில் போதாது. திருத்தம் வரும் வரைக்கும் அது ஒரு குடை. குடையை வீடென்று நினைத்து அதற்குள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

கடிதம் எங்கே போகிறது

தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முகவரி என்று இருப்பது தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொடுத்தனுப்பினால் வீட்டுக்கு வரும். 14ஆம் திகதி நேர்முகத்துக்கு வரச் சொன்ன கடிதத்தை 19ஆம் திகதி பிரித்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும். உறையைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். உறையை வைத்திருங்கள், தபால் முத்திரைத் திகதிதான் உங்கள் சாட்சி.

இதற்குப் பயந்து டவுனில் மாமாவின் கடை முகவரியைக் கொடுப்பதிலும் பொறி உண்டு. கடை வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருந்தால், வதிவிடச் சான்றிதழில் ஒரு முகவரி, விண்ணப்பத்தில் இன்னொன்று. உடனே "வதிவிடம் சந்தேகம்" என்று குறிப்பு விழும். லயத்து முகவரியையே நிரந்தர முகவரியாகப் போட்டு, கடை முகவரியைத் தபால் முகவரி என்று தனியாகக் குறிப்பிடுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பைலில் ஒட்டுங்கள்.

மேசையில் கேட்கக்கூடாததைக் கேட்டால்

"அப்பாவின் குடியுரிமைப் பத்திரம் கொண்டுவாங்க." இன்றைக்கும் இதைக் கேட்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தேசிய அடையாள அட்டை இலங்கைப் பிரஜைக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. பிள்ளையின் கையில் அது இருக்கும்போது தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்ற விசாரணை எதற்கு? சண்டை போட வேண்டாம். "எந்தச் சுற்றுநிருபத்தின்படி கேட்கிறீங்க ஐயா? எழுதித் தாங்க, கொண்டு வர்றோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், வாசலில் நிற்கிறவரிடம் காசு கொடுத்து நிரப்பாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி தமிழில் கருமமாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கும் மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். புரியாத படிவத்தில் கையெழுத்து வைத்தவர் பிறகு "நீங்கதானே சைன் பண்ணினீங்க" என்ற ஒரு வசனத்தைத் தாண்ட முடியாமல் நிற்பார்.

விண்ணப்பம் கொடுத்து மாதக்கணக்கில் சத்தமே இல்லையென்றால் மறுபடி மறுபடி பஸ் ஏறாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள்: இன்ன திகதி கொடுத்த இன்ன விண்ணப்பம் இப்போது யார் மேசையில், ஏன் தாமதம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். ஒரு கடிதம் போன கையோடு தொலைந்த பைல் கிடைத்த அதிசயத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் இருக்கிறதே, போதாதா?

உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதியில், விளையாட்டுத் திறமைக்கு ஒரு சிறு பங்கு உண்டு. சாதாரண விண்ணப்பத்தோடு அது தானாக நடக்காது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உயர்தரத் தகைமையும் இருக்க வேண்டும். பார்ப்பது தேசிய, சர்வதேச மட்டச் சாதனையை. வலயம், மாகாணம் என்று ஒரு கட்டு வைத்திருந்தாலும் அது அடித்தளம்தான். கழகம் தனக்குள் நடத்திய போட்டியில் பெரிய கிண்ணம் கொடுத்திருப்பார்கள். அது வீட்டு அலுமாரிக்கு. சேரும் முன்னமே கேளுங்கள்: இந்தக் கழகம் தேசிய சம்மேளனத்தோடு இணைந்ததா, இதன் வழியாகத் தேசியப் போட்டிக்கு அனுப்புவீர்களா? பதில் வளைந்து வளைந்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சான்றிதழ் வாங்கும் இடத்திலேயே முழுப்பெயர், போட்டி வகை, திகதி, புள்ளி, முத்திரை எல்லாம் சரியா என்று பாருங்கள். முத்திரையிட்ட பெறுபேற்றுத் தாளின் பிரதி ஒன்றும் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் செயலாளர் மாறியிருப்பார்.

உடுப்பிலும் ஒரு வார்த்தை. செகண்ட் ஹேண்ட் ஜெக்கட் மலிவாக வரும். சர்வதேச விதிப்படி துணியின் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, விறைப்புக்கும் சோதனை உண்டு. சப்பாத்து அடியும் வளைய வேண்டும். நம் பக்கத்துப் பனியில் நனைந்ததை அடுப்புக்கு மேல் கொடியில் போட்டால் பலகை மாதிரி ஆகிவிடும், உபகரணச் சோதனையில் வெளியே நிறுத்துவார்கள். பழைய ரைபிளோடு வரும் காற்றுச் சிலிண்டரில் திகதி அடித்திருக்கும். பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள், காசை எண்ணும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர்த் திருத்தம் போன மாதம் முடிந்தது. அம்மா பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரியதர்ஷனி, ஒவ்வொரு எழுத்தும் சரி. அப்பாவின் பெயரில் மட்டும் ஒரு கொம்பைக் காணவில்லை. இன்னொரு படிவம் எடுத்திருக்கிறோம்.