அன்டிமைக்ரோபியல்: கொல்லியா, எதிரியா?

அக்காட மகள் வந்தாறுமூலை கம்பஸ்ல கடைசி வருஷம், ரிசேர்ச்சுக்கு குப்பைமேனி எடுத்திருக்கா. எங்கட வளவுக்க பிடுங்க வந்த நேரம் அம்மா கேட்டா, "என்னத்துக்கு மகள் இது?" "அன்டிமைக்ரோபியல் இருக்கா எண்டு பாக்க, அம்மம்மா." "அதென்ன புதினம், சிரங்குக்கு உப்பு வெச்சு அரைச்சுப் பூசுற இலைதானே." மறுகா ரெண்டு பேரும் என்னப் பாத்தாங்க, அதுக்குத் தமிழ் என்ன எண்டு. நான் முழிச்சன். காரைதீவு விபுலானந்த அடிகள் கலைச்சொல்லுக்கு மெனக்கெட்ட பக்கம் நம்மட, ஒரு சொல்லுக்கு இப்பிடி நிண்டது வெக்கமாத்தான் போச்சு.

சொல்லு கிரேக்கம். அன்டி எண்டா எதிர், மிக்ரோஸ் சின்னது, பியோஸ் வாழ்வு. மைக்ரோப் எண்ட சொல்ல 1878ல பிரெஞ்சு டொக்டர் செடியோ உண்டாக்கினார், அது கிரேக்கத்துல சரியாப் பாத்தா "குறுகின ஆயுள்" எண்டுதான் வருமாம், பரவாயில்ல நிலைச்சிற்று. பக்டீரியா மட்டுமில்ல, பங்கசு, வைரசு எல்லாம் இதுக்குள்ள அடங்கும். மஞ்சளையும் உள்ளியையும் இயற்கை அன்டிபயோட்டிக் எண்டு சொல்லுறாங்களே, விஞ்ஞானி வக்ஸ்மன் 1940கள்ல அந்தச் சொல்லுக்குக் குடுத்த அர்த்தம் ஒரு நுண்ணங்கி உண்டாக்கி மற்ற நுண்ணங்கிய அடக்குற பொருள், அப்ப செடிச்சாறு அதுக்குள்ள வராது.

நுண்ணங்கி எண்டது நம்மட பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லு, தமிழ்நாட்டுல நுண்ணுயிரி எண்டுவாங்க. அங்கி எண்டதும் சிலருக்கு ஃபாதர் போடுற அங்கிதான் ஞாபகம் வரும், இது அங்கம் உள்ளது எண்ட அர்த்தத்துல வாற அங்கி. பேச்சுல கிருமி எண்டுறம், அது சமஸ்கிருதத்துல புழு.

பிரச்சினை பின்பாதியில. நுண்ணுயிர்க்கொல்லி எண்டு கனபேர் எழுதுறாங்க, ஆனா மகள் லாப்ல செய்யிறதக் கேட்டா கொல்லி எண்டு சொல்ல மனம் வராது. இலைய நிழல்ல காயவெச்சு தூளாக்கி எதனோல்ல ஊறப்போட்டு வடிச்சு, அந்தச் சாற 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டுல விட்டு, பக்டீரியா பூசின ஏகார் தட்டுல (ஏகார் எண்டது பக்டீரியா வளக்கிற ஜெலி) வெச்சு 37 பாகையில ஒரு இரவு விடுற, விடிய வட்டைச் சுத்தி ஒண்டும் வளராத வெறும் வளையம் இருந்தா அடிமட்டத்தால அளக்கிற. பக்கத்துல வெறும் எதனோல் விட்ட வட்டு ஒண்டும் வெக்கோணும், இல்லாட்டி சாறு செய்த வேலையா சாராயம் செய்த வேலையா எண்டு தெரியாது. அந்த வளையம் சொல்றது "இங்க வளரல்ல" எண்டு மட்டும்தான். செத்திச்சா, சும்மா அடங்கிக் கிடக்கா எண்டு அறிய, சாற படிப்படியா ஐதாக்கி குழாய்கள்ல பக்டீரியாவோட விட்டு, வளராததால கலங்காத குழாயில இருந்து எடுத்து மருந்தில்லாத புது ஏகார்ல போட்டுப் பாக்கோணும். திரும்ப வளந்தா அது கொல்லியே இல்ல, தடுப்பி.

அப்ப எதிர்ப்பி எண்டு வெப்பமா எண்டா அதுலயும் சிக்கல். உடம்புட நோய் எதிர்ப்புச் சக்தியும் எதிர்ப்பு, மருந்துக்குக் கிருமி மசியாம நிக்கிறதும் எதிர்ப்பு, செடிட குணமும் எதிர்ப்பு எண்டா ஆர் ஆர எதிர்க்கிற எண்டே விளங்காது. முதலாவதுக்கு புத்தகத்துல நிர்ப்பீடனம் இருக்கு, ஆரும் வாயால சொல்றதில்ல. ரெண்டாவதுக்கு மசியாத்தன்மை நல்லாயிருக்கும் எண்டு எனக்குப் படுது. மூண்டாவதுக்கு நுண்ணங்கி எதிரி. அன்டிபொடிக்கு பிறபொருளெதிரி எண்டு ஓஎல் பிள்ளையளே எழுதுதுகள், அதே அச்சுதான்.

தெரப்பியூட்டிக், அதாவது நோயக் குணமாக்கிற தன்மை, வேற. அதுவும் கிரேக்கம், பணிவிடை செய்யிறது எண்டு அடி அர்த்தம். நம்மட நாட்டு வைத்தியர் பரிசாரியார் ஞாபகம் வந்திச்சு, பரிசாரகர் எண்டாலும் பணிவிடை செய்யிறவர்தானே. தமிழ்ல பண்டுவம் இருக்கு, சிகிச்சை எண்டா எல்லாருக்கும் விளங்கும். ஆனா தட்டுல நிண்ட சாறு வயித்துக்க போய் ரத்தத்துல சேருமா, ஈரலுக்குக் கூடாதா எண்டதெல்லாம் அந்த வளையத்துல தெரியாது.

மகள் தலைப்பத் தமிழ்ல கேட்டா. "குப்பைமேனிச் சாற்றின் நுண்ணங்கி எதிர்த்தன்மை" எண்டு எழுதிக் குடுத்தன். "சிகிச்சைக் குணம் எண்டும் போடுவமா மாமா?" எண்டா. வளையம் எவ்வளவு எண்டு கேட்டன், இன்னும் அளக்கல்லியாம்.