புது டயர் இரண்டையும் பின்னுக்குப் பூட்டுங்கள்

புது டயரை முன்னுக்கும் தேய்ந்ததைப் பின்னுக்கும் பூட்டி மழையில் சுழன்று, இந்த மாரிக்குள் என் கண்முன் வந்த நான்காவது கார் இது. இனியும் எழுதாமல் இருந்தால் என் மனம் கேட்காது.

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு வேகன் ஆர் காரைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டியவர் ஒரு ஆசிரியை. நாள்தோறும் இன்னும் இரண்டு ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு வாகரைப் பக்கம் பள்ளிக்கூடம் போய்வருபவர். மாங்கேணி தாண்டி ஒரு வளைவில், விடியற்காலை மழையில், கார் அரைவட்டம் சுழன்று வீதியை விட்டு இறங்கிவிட்டது. கடவுள் புண்ணியம், எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை. மூவருக்கும் சிராய்ப்புத்தான்.

நான் குனிந்து முதலில் பார்த்தது பின்பக்க இடது சில்லை. ரிம்முக்கும் டயருக்கும் இடையில் ஒரு பிடி புல் வேரும் ஈரமணலுமாகச் சிக்கியிருந்தது. நேராக ஓடி இறங்கும் காரில் அந்த இடத்தில் புல் ஏறாது. பக்கவாட்டில் வழுக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் விலகித் திரும்ப ஒட்டும். அந்த ஒரு கணத்தில் ஏறிய புல்தான் அது. பிறகு டயர்களைத் தடவிப் பார்த்தேன். முன்னுக்கு இரண்டும் புத்தம் புதிது, பக்கத்தில் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. பின்னுக்கு இரண்டும் தேய்மானக் குறிக்கு மிஞ்சிப்போனால் அரை மில்லிமீற்றர் மேலே.

“மிஸ், இதை யார் இப்பிடிப் பூட்டினது?”

“கடைக்காரர்தான் தம்பி. புது டயர் முன்னுக்குத்தானே போடோணும் எண்டு சொன்னார்.”

அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நேராக நிற்கிறதா என்று, பார்க்கிறேன். புது டயர் இரண்டு வாங்கி வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் என் வாயைத் திறக்கவிடாமல் “முன்னுக்குப் போடுங்க” என்பார்கள். பின்னுக்கு என்று நான் சொன்னால், பழைய டயரை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்பதுபோல் முகம் மாறும். களுவாஞ்சிகுடிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “என்ன மனே சொல்லுறாய்? என்ஜின் முன்னுக்கு, ஸ்டியரிங் முன்னுக்கு, பிரேக் பிடிக்கிறதும் முன்னுக்கு. பின் சில்லு சும்மா இழுபட்டு வாறதுதானே?”

அவர் சொன்ன மூன்றும் உண்மை. முடிவு மட்டும் பிழை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தேய்ந்த டயர் முன்னுக்கு இருந்து மழையில் பிடி விட்டால் என்ன நடக்கும்? ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். கார் நீங்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாகப் போகும். யாருக்கும் பயம் வரும், கால் தானாக எக்ஸிலேற்றரை விடும். விட்டதும் வேகம் குறைகிறது, காரின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது, முன்சில்லு மீண்டும் வீதியைப் பிடிக்கிறது. பயந்தவன் செய்யும் காரியமே அவனைக் காப்பாற்றுகிறது.

தேய்ந்த டயர் பின்னுக்கு இருந்தால்? ஸ்டியரிங்கில் ஒரு சேதியும் வராது. முன்னுக்குப் புது டயர், அது கல்லுப்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வீதி நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்து வழக்கமான வேகத்திலேயே வளைவுக்குள் போவீர்கள். பின்பக்கம் விலகத் தொடங்கிவிட்டது என்று உடம்பு உணரும்போது கார் ஏற்கனவே திரும்பிக்கொண்டிருக்கும். இப்போதும் பயத்தில் எக்ஸிலேற்றரை விடுவீர்கள், பிரேக்கையும் மிதிப்பீர்கள். பாரம் முன்னுக்கு ஓடும், பின்பக்கம் இன்னும் இலேசாகும், கார் பம்பரம்போல் சுழலும். அதே பயம், அதே கால், ஆனால் இங்கே அதுவே கவிழ்த்துவிடுகிறது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக் காரை மீட்கும் பழக்கம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆசிரியைக்கு நடந்தது இதேதான். “நான் பிரேக்கில கால் வச்சது மட்டும்தான் ஞாபகம்” என்றார்.

முன்சில்லால் இழுபடும் கார், பின்சில்லால் தள்ளப்படும் வான், நான்கு சில்லும் இழுக்கும் ஜீப், எதுவாக இருந்தாலும் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் நல்லது பின்னுக்கே. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மிஷெலின் போன்ற பெரிய டயர் கம்பனிகள் வருடக்கணக்காகச் சொல்வது.

இந்தப் பிழையான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குள் யோசித்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடப் பழகினவர்கள். அங்கே முன்சில்லு வழுக்கினால் விழுந்தோம், பின்சில்லு வழுக்கினால் காலை ஊன்றித் தப்பினோம். அந்தப் பாடத்தை அப்படியே காருக்கும் கொண்டுவந்துவிட்டோம். கார் விழுவதில்லை, சுழலும். முன் டயர் வெடித்தால் ஆபத்தாமே என்று அடுத்ததாகக் கேட்பார்கள். ஆபத்துத்தான், ஆனால் அப்போதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைக்க ஒரு வழி உண்டு. பின் டயர் போனால் பிடிப்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது?

முன்னுக்குப் பழசு என்றால் மொட்டை டயர் என்று அர்த்தம் இல்லை. புது டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம். பள்ளத்துக்குள் அங்கங்கே ஒரு சிறு மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் முன்னுக்கும் ஆகாது, பின்னுக்கும் ஆகாது, கழட்டி எறியுங்கள். எங்கள் வாடைக்கால மழைக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனாலே நான் நம்பமாட்டேன். ஐப்பசி பிறக்குமுன் பாருங்கள். வெள்ளம் வீதியில் ஏறிய பிறகு பார்த்து என்ன செய்வது?

காத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் டயர் மிதப்பது பள்ளத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை. 1960களில் அமெரிக்காவின் நாசா விமானச் சில்லுகளை வைத்து ஒரு கணக்குக் கண்டது. அதன்படி 30 பிஎஸ்ஐ (காத்தின் அமுக்கத்தை அளக்கும் அளவு) காத்துள்ள டயர் மணிக்குக் கிட்டத்தட்ட 91 கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீருக்கு மேலே எழும்பும். 20 பிஎஸ்ஐ என்றால் 74. தேய்ந்த கார் டயர் அதற்கும் முன்னாலேயே மிதக்கும். ஊருக்கு வெளியே எங்கள் வேக எல்லை 70 என்பதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியையின் பின் டயரில் நான் அளந்தபோது ஒன்றில் 22, மற்றதில் 19. பின்சீற்றில் ஆள், டிக்கியில் கொப்பிக்கட்டு.

எவ்வளவு காத்து என்று டயரின் பக்கத்தில் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் காருக்கு உரியது சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் கார்களில் கிலோபாஸ்கலில் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35. காலையில், டயர் சூடாகுமுன், மாதம் இரண்டு தடவை. பெற்றோல் செட்டில் காத்து அடிக்கிற பெடியன் “எல்லாத்துக்கும் முப்பது போடவா அண்ணன்” என்றால் தலையாட்டாதீர்கள், உங்கள் இலக்கத்தை நீங்களே சொல்லுங்கள்.

பாவித்த ஜப்பான் டயர் வாங்குகிறவர்களுக்கு: பள்ளம் புதிதுபோல் இருக்கும், ரப்பர் கிழடாக இருக்கும். பக்கத்தில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. நகத்தால் அமர்த்திப் பாருங்கள், ரப்பர் கொடுக்காவிட்டால் வேண்டாம். விலை ஏறிக் கிடக்கிற காலம், நான்கும் புதிதாக வாங்கச் சொல்ல எனக்கே வாய் வருவதில்லை, தெரியும். ஆனால் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பூட்டிவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தச் சிக்கலே வராது. காத்தான்குடி காக்கா ஒருவர் தன் வானுக்கு இதைத் தவறாமல் செய்கிறார். கடைசியாக டயர் மாற்றியபோது நான்கிலும் அளவு ஒன்றாகவே இருந்தது.

பூட்டும்போது நின்று பாருங்கள், கடைக்குள் போய்த் தேத்தண்ணி குடிக்காதீர்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் பக்கம் பார்க்க வேண்டும். ‘அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். உள்ளே போனால் கழட்டிப் பூட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள், காசு கொடுக்கிறவர் நீங்கள். நட்டுகளைக் காத்துத் துவக்கால் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டுப் போனால் மறியுங்கள். குறுக்கும் மறுக்குமாக, கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால். ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் அது பலன்ஸிங், ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். இரண்டும் வேறு வேலை. புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் இருநூறு முன்னூறு கிலோமீற்றர் மெதுவாகப் போங்கள்.

ஆசிரியையின் காரில் நான் புதுச் சாமான் ஒன்றும் போடவில்லை. அவர் வாங்கிய அதே இரண்டு புது டயரைப் பின்னுக்கு மாற்றினேன். பின்னுக்கு இருந்த இரண்டையும் அவருக்கு முன்னாலேயே கத்தியால் கீறிப்போட்டேன், வேறு யாரும் எடுத்துப் பூட்டக்கூடாது என்று. முன்னுக்கு, சம்பளம் வரும் வரைக்கும் எங்களிடம் கிடந்த ஐந்து மில்லிமீற்றர் டயர் இரண்டு. ஜாக் வைத்து இறக்கி முடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

தயவுசெய்து, இன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் காரின் பின்னால் குந்தி இருந்து அந்த இரண்டு டயரின் பள்ளத்துக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள். முன் டயரிலும் அதே விரலை விடுங்கள். பின்னுக்கு ஆழம் குறைவு என்றால் எந்தக் கடையாவது பரவாயில்லை, நாளைக்கே மாற்றிப் பூட்டுங்கள்.